வினவாத வினா



கல்முனைக் கடற்கரையிற் கரைவலை ஏறும் விடியற்பொழுதை உங்களுட் பலர் கண்டிருப்பீர்கள். இரு புறமும் கயிறு பற்றி இழுப்போரின் ஏலேலோக் குரல் ஓய்ந்து, வலையின் மடி மணலில் வந்து விழுந்ததும், கூடி நிற்போர் வாயினின்று ஒரே தொடர் இரு வகையாக எழும். சந்தைக்கு மீன் கொள்ள வந்த ஒருவர் கூட்டத்தின் பின்னே நின்றுகொண்டு, "என்ன மீன்?" என்று கேட்பார். "பாரை" என்று விடை வரும். மடிக்கு அருகே நிற்கும் சிறுவன், துள்ளும் குவியலைக் கண்டு, "என்ன மீன்!" என்பான். அவனுக்கு எவரும் "பாரை" என்று விடை கூறுவதில்லை. எவரேனும் கூறின் அவன் அவரை விந்தையாக நோக்குவான். பாரை என்பது அவனுக்குத் தெரியும். அவன் கேட்கவில்லை.

சொற்கள் இரண்டே. எழுத்திலும் வேற்றுமை இல்லை. எனினும் ஒன்று வினா. மற்றொன்று வினாவின் உடையை அணிந்துகொண்டு வந்த வேறொன்று. விடையை வேண்டாத இந்த வினாவை மொழி எவ்வாறு ஆக்கிக்கொள்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள். இலக்கணம் என்றதும் வானொலியை நிறுத்திவிட எண்ணும் நேயர்கள் சற்றே பொறுத்தருள்க. இப்பேச்சின் முடிவில், இவ்வேறுபாட்டை அறியாமல் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது.

நம் இலக்கண நூலார் வினாவை நன்கு ஆராய்ந்தவர்கள். பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறு வகையாகப் பகுத்தார். அறிந்தவன் மாணவனைச் சோதிக்கக் கேட்பது, அறியாதவன் அறியக் கேட்பது, ஐயுற்றவன் தெளியக் கேட்பது, கடைக்காரனிடம் பொருள் கொள்ளக் கேட்பது, இல்லாதவனுக்குக் கொடுக்கக் கேட்பது, ஒரு செயலை ஏவுதற்குக் கேட்பது என அவை ஆறு. கடற்கரையில் மீன் கொள்ள வந்தவரின் வினா இவ்வாறனுள் அடங்கும். சிறுவனின் "என்ன மீன்!" எதனுள் அடங்கும்? அவன் சோதிக்கவில்லை, ஐயுறவில்லை, வாங்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை, ஏவவும் இல்லை. ஆறு வாயில்களும் அவனுக்கு அடைத்திருக்கின்றன.

ஆயினும் நம் முன்னோர் இதனை அறியாதவர் என்று எண்ணிவிடலாகாது. தொல்காப்பியர் இடைச்சொற்களைக் கூறும் பகுதியில் ஓகாரம் தரும் பொருள்களை எண்ணுகிறார். அவற்றுள் ஒன்று வினா, மற்றொன்று சிறப்பு. "அவனோ?" என்று கேட்பதும் ஓகாரமே, "ஓஓ, எத்துணைப் பெரியது!" என்று வாய்விட்டுச் சொல்லுவதும் ஓகாரமே. ஓரெழுத்தின் வயிற்றில் வினாவும் வியப்பும் இரட்டைப் பிள்ளைகளாய்க் கிடக்கின்றன என்பதை அவர் கண்டிருக்கிறார். உரியியலிலே 'ஐ' என்னும் ஓரெழுத்துச் சொல்லுக்கு வியப்பு என்றே பொருள் கூறியுள்ளார். இன்றும் இனிப்பைக் கண்ட குழந்தை "ஐ!" என்று கூவுகிறதன்றோ? அக்குழந்தைக்கு எவரும் உரியியல் கற்பித்ததில்லை.

வியப்பு எதனாற் பிறக்கிறது என்பதனையும் தொல்காப்பியரே வகுத்துள்ளார். மெய்ப்பாடுகள் எட்டனுள் மருட்கை ஒன்று. மருட்கை என்பது வியப்பு. அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினின்று தோன்றும் என்பது அவர் கொள்கை. இந்நான்கையும் நம் கரையிலேயே காணலாம். பெயர் தெரியாத மீன் ஒன்று வலையில் ஏறினால் அது புதுமை. மடி கொள்ளாத மீன்பாடு பெருமை. பிறந்த பிள்ளையின் விரல்நகம் சிறுமை, அதனைக் கண்டு "எவ்வளவு சின்ன நகம்!" என்று சொல்லாத பாட்டி உண்டோ? சம்மாந்துறை வயலிலே வெடித்துக் கிடந்த நிலம் மழைக்குப் பின் பச்சை போர்த்து நிற்பது ஆக்கம். ஒன்று மற்றொன்றாய் ஆகிவிடும் மாற்றம். இந்நான்கனுள் எதனைக் கண்டாலும் மனம் தான் வைத்திருக்கும் அளவுகோல் போதாமை உணர்கிறது. அளவு போதாத இடத்தில் வாய் தானே 'எவ்வளவு' என்னும் சொல்லை எடுக்கிறது. வினாச்சொல் வியப்புக்குப் பயன்படுவதன் காரணம் இதுவாகலாம். அளந்து சொல்ல முடியாததைக் கேள்வியாக நிறுத்திவிட்டு, விடையைக் கேட்போர் கண்ணுக்கே விட்டுவிடுகிறோம்.

இனி, கடல் கடந்து செல்வோம். நம் கரையோர ஊர்களிலே மதரசாவில் அரபு இலக்கணம் பயின்றோர் பலர் உளர். அவர்கள் அறிந்த பழங்கதை ஒன்று உண்டு. அபுல் அஸ்வத் அத்துஅலீ என்பவர் ஏழாம் நூற்றாண்டில் பஸ்ரா நகரில் வாழ்ந்தவர். அரபு இலக்கணத்துக்கு வித்திட்டவர் என்று போற்றப்படுபவர். ஓரிரவு அவருடைய மகள் வானத்தைப் பார்த்து, "மா அஹ்ஸனுஸ் ஸமாஇ" என்றாளாம். தந்தையார், "அதன் விண்மீன்கள்" என்று விடை பகர்ந்தார். மகள் திகைத்து, "நான் கேட்கவில்லையே, வியந்தேன்" என்றாள். அப்போது தந்தையார், "அவ்வாறாயின் 'மா அஹ்ஸனஸ் ஸமாஅ' என்று சொல்" எனத் திருத்தினாராம். 'அஹ்ஸனு' என்று உகரத்தில் முடித்தால், வானத்தில் மிக அழகியது எது என்னும் வினா. 'அஹ்ஸன' என்று அகரத்தில் முடித்தால், வானம் என்ன அழகு என்னும் வியப்பு. மக்களின் நாவிலே இவ்வேறுபாடு அழிந்துபோவதைக் கண்டே அவர் இலக்கணம் வகுக்க முற்பட்டார் என்பது கதை.

இக்கதையை வரலாறு என்று கொள்ளினும், ஆசிரியர்கள் வழிவழி சொல்லிவந்த கற்பனை என்று கொள்ளினும், அதன் உட்கருத்து ஆழமானது. ஒரு பெரிய மொழியின் இலக்கணம் எங்கே தொடங்கிற்று என்று கேட்டபோது, அம்மொழியார் காட்டிய இடங்களுள் ஒன்று ஒரு பெண்பிள்ளையின் வியப்பு. அவள் வியந்ததைத் தந்தை கேள்வியென்று பிழைபடக் கொண்டார். அப்பிழையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்கு மீள்வோம்.

அரபு மொழி கிழக்கே நம் கரைக்கு வந்ததுபோல மேற்கே ஸ்பானியாவுக்கும் சென்றது. 711ஆம் ஆண்டு முதல் 1492ஆம் ஆண்டில் கிரனாடா வீழும்வரை, ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள், ஸ்பானிய மண்ணின் பகுதிகளிலே முஸ்லிம் ஆட்சி நிலவிற்று. அதனால் ஸ்பானிய மொழியில் அரபுச் சொற்கள் மிகப் பல கலந்துள்ளன. இன்று ஸ்பானியாவிலும், மெக்சிக்கோ தொடங்கி ஆர்ஜென்டீனா வரை பரந்த நாடுகளிலும் பேசப்படும் அம்மொழி வியப்புத் தொடர்களை ஆக்கும் முறையைப் பார்ப்போமாயின், நமக்கு அயல்வீட்டுக்குள் நுழைந்து நம் வீட்டுத் தட்டுமுட்டுகளைக் கண்டதுபோல் இருக்கும்.

ஸ்பானிய மொழியில் 'கே' என்றால் 'என்ன'. 'கே போனீத்தோ!' என்றால் 'என்ன அழகு!' 'குவாந்தோ' என்றால் 'எவ்வளவு'. 'குவாந்தோ பெஸ்காதோ!' என்றால் 'எவ்வளவு மீன்!' 'கோமோ' என்றால் 'எப்படி'. 'கோமோ யுவேபே!' என்றால் 'எப்படி மழை பெய்கிறது!' வினாச்சொல்லே வியப்புச்சொல். பெரிய வீட்டைக் கண்டு வியப்பவர் 'கே காசா தான் கிராந்தே!' என்பார். சொல்லுக்குச் சொல் வைத்தால், 'என்ன வீடு, அத்துணைப் பெரியது!' என்றாகும். முன்னே வினாச்சொல் ஒன்று. பின்னே அளவுச்சொல் ஒன்று. நாமோ இரண்டனையும் சேர்த்து முன்னே வைத்து, 'எவ்வளவு பெரிய வீடு!' என்போம். முடிவிலே வினைமுற்று இல்லை; இருமொழியிலும் தேவைப்படவில்லை. வீட்டைப் பற்றிச் செய்தி கூறுவதற்கு வினைமுற்று வேண்டும். வீட்டைச் சுட்டி வாய்பிளந்து நிற்பதற்குப் பெயர் ஒன்றே போதும்.

இதனினும் நுட்பமான ஒற்றுமை ஒன்று உண்டு. ஒருவன் வாயில் வந்ததையெல்லாம் பேசினால் ஸ்பானியர், 'லாஸ் கோசாஸ் கே தீசே!' என்பர். 'அவன் சொல்லுகின்ற காரியங்கள்!' என்பது பொருள். அவ்வளவுதான் தொடர். அக்காரியங்கள் எத்தகையன என்று சொல்லுவதே இல்லை. நம் ஊரில் என்ன சொல்கிறோம்? 'பிள்ளை அழுகிற அழுகை!' 'அவன் ஓடுகிற ஓட்டம்!' 'இந்த வெயில் அடிக்கிற அடி!' பெயரெச்சமும் பெயரும் மட்டுமே நிற்கின்றன. எழுவாய்க்குப் பயனிலை எங்கே என்று பள்ளிக்கூட இலக்கணம் கேட்கும். பயனிலை கேட்பவரின் மனத்திலே முடிகிறது. தொடர் குறைபட்டு நிற்பதே அதன் நிறைவு.

அடுத்து, வேட்கையைப் பாருங்கள். வியப்பும் வேட்கையும் அண்டை வீட்டார். மழை பொய்த்த ஆண்டிலே, வரம்பின்மீது நின்று வானத்தைப் பார்க்கும் உழவன், 'மழை பெய்யாதா!' என்கிறான். சொல்லமைப்பிலே அது எதிர்மறை, அதன்மேல் வினா. பொருளோ உடன்பாடான வேண்டுதல். பெய்யவேண்டும் என்பதனை, பெய்யாதா என்று கேட்டுச் சொல்லுகிறான். பண்டைத் தமிழில் 'தில்' என்னும் இடைச்சொல் இவ்விழைவைக் காட்டிற்று என்று தொல்காப்பியர் கூறுவார். அது வழக்கொழிந்தபின், வினாவே அதன் பணியை மேற்கொண்டது போலும். ஸ்பானிய உழவன் அதே நிலையில் 'ஓஹலா யுவேபா' என்பான். 'யுவேபா' என்பது மழை பெய்க என்னும் வேண்டல் வடிவம். 'ஓஹலா' என்பது யாது? அது ஸ்பானிய மண்ணில் வழங்கிய அரபுத் தொடரின் மருஉ. 'அல்லாஹ் நாடினால்' என்பது அதன் பொருள். ஞாயிறுதோறும் தேவாலயம் செல்லும் ஸ்பானியரும் தம் ஆசையை வெளியிடும்போது தம்மையறியாமல் அச்சொல்லையே சொல்லுகிறார். நம் கரையிலே 'இன்ஷா அல்லாஹ்' என்று நாள்தோறும் கேட்கும் நாம், மேற்கே அதன் உடன்பிறப்பு ஒன்று இப்படி வேற்றுடையில் உலவுவதைக் கேட்டு மகிழலாம்.

இதுவரை வினவாத வினாவைப் பார்த்தோம். இனி விளியாத விளியைப் பார்ப்போம். காலில் முள் தைத்தால் வட்டக்கச்சியில் உள்ளவர் 'அம்மா!' என்பார், சாய்ந்தமருதில் உள்ளவர் 'உம்மா!' என்பார். தாய் அருகில் இருக்கவேண்டும் என்பதில்லை. உயிரோடு இருக்கவேண்டும் என்பதும் இல்லை. எண்பது வயது முதியவரும் அப்படித்தான் சொல்லுகிறார். பெரிய செய்தி ஒன்று கேட்டால் நம் பெண்கள் 'என்ட உம்மா!' என்பர், 'என்ட அல்லாஹ்!' என்பர். ஸ்பானியப் பெண்கள் அதே இடத்தில் 'மாத்ரே மீயா!' என்பர், 'தியோஸ் மீயோ!' என்பர். முன்னது 'என் தாயே'. பின்னது 'என் இறைவா'. கடல்கள் பல இடையே கிடப்பினும் மனித மனம் திடுக்குற்றபோது பற்றிக்கொள்ளும் கைகள் ஒன்றாகவே இருக்கின்றன. இலக்கணத்தில் இவை விளிவேற்றுமை. ஆனால் எவரையும் 'இங்கே வா' என்று அழைக்கும் விளிகள் அல்ல.

ஏவலும் அவ்வாறே தன் பணியை விட்டு வியப்புக்கு உழைக்கிறது. வியப்பான செய்தி சொல்லுபவரை நோக்கி நாம் 'போங்கள்!' என்கிறோம், அவர் எழுந்து போய்விடுவதில்லை. ஸ்பானியர் 'பாயா!' என்பர். அதுவும் போதற்கான வினையின் ஏவல் வடிவமே. 'பாருங்கள்!' என்று நாம் சொல்லும் இடத்தில் அவர் 'மீரா!' என்பர், அதற்கும் பார் என்பதே பொருள். ஆகவே ஓர் உண்மை புலனாகிறது. வியப்புக்கென்று மொழி தனியாக ஒரு வீடு கட்டிக் கொடுக்கவில்லை. ஆகா, ஓகோ, ஐயோ முதலிய சிறு குடில்கள் சில உண்டு. பெரும்பாலும் அது வினாவின் வீட்டிலும் விளியின் வீட்டிலும் ஏவலின் வீட்டிலும் இரவற் குடியாகவே இருக்கிறது. எவ்வீட்டிற் குடியேறினாலும் அவ்வீட்டின் உரிமையாளன் கேட்கும் கடனைத் தள்ளிவிடுகிறது. வினா விடையைக் கேட்கும். விளி வருகையைக் கேட்கும். ஏவல் செயலைக் கேட்கும். வியப்பு இவற்றுள் ஒன்றையும் கேட்பதில்லை. "ஓம், உண்மைதான்" என்று அருகிலிருப்பவர் ஒருவர் சொன்னால் அதற்குப் போதும்.

அரபுத் தொடர்களும் நம் பேச்சிலே இவ்வாறே குடியேறியுள்ளன. 'சுப்ஹானல்லாஹ்' என்பது இறைவனின் தூய்மையைப் போற்றும் தொடர். பெருவியப்பில் அது வாயில் வருகிறது. 'மாஷா அல்லாஹ்' என்பது அல்லாஹ் நாடியது என்னும் கூற்று. அழகிய குழந்தையைக் கண்டபோது, கண்ணூறு படாதிருக்கவேண்டும் என்ற கவலையோடு வியப்பையும் சேர்த்துச் சொல்லுகிறது. இவற்றைச் சொல்லும் மூதாட்டி அரபு இலக்கணம் கற்றவர் அல்லர். எந்த இடத்தில் எத்தொடர் பொருந்தும் என்பதில் அவர் பிழைபடுவதும் இல்லை. மருதமுனைத் தறியில் இறங்கும் புதுத்துணியைத் தடவிப் பார்த்து மாஷா அல்லாஹ் என்பாரேயன்றி, அவ்விடத்தில் இன்னாலில்லாஹ் என்று சொல்லமாட்டார். மணவீட்டிலே பெண்கள் இடும் குரவையோ சொல்லே இல்லாத வியப்பு; நாவின் அசைவும் குரலின் நடுக்கமும் மட்டுமே.

நேயர்களே, சொல்லிலே வேற்றுமை இல்லாதபோது வினாவையும் வியப்பையும் பிரிப்பது எது? குரல். வினாவிலே குரல் ஓரிடத்தை நோக்கி ஏறுகிறது. வியப்பிலே குரல் நீள்கிறது. 'எவ்வளவு பெரீஇய மீன்' என்று நீட்டுகிறோம். நீட்டிய இடத்திலே வியப்பின் அளவு தெரிகிறது. இலக்கணத்தார் அளபெடை என்று சொன்னது செய்யுளுக்கு மட்டும் உரியதன்று. மீன்சந்தையில் நாள்தோறும் அது கேட்கிறது.

குரல் எழுத்தில் ஏறுவதில்லை. இதுவே எழுத்தின் குறை. பண்டை ஏடுகளிலே இதற்கென்று குறியீடு இருந்ததில்லை. ஓகாரமும் ஏகாரமும் 'அந்தோ', 'அன்னோ' முதலிய சொற்களுமே படிப்போனுக்கு வழி காட்டின. அச்சு நூல்கள் பெருகியபின், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, மேல்நாட்டுக் குறியீடுகள் தமிழ் உரைநடையில் இடம்பெற்றன. அவற்றை முறையாகக் கையாண்டு பரவச் செய்தவருள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். வியப்புக்குறி, உணர்ச்சிக்குறி, மெய்ப்பாட்டுக்குறி எனப் பலவாறு வழங்கும் அக்கோடும் புள்ளியும் நம்மிடம் அவ்வாறு வந்தவை. ஆனால் அது தொடரின் இறுதியில் நிற்கிறது. நீண்ட தொடரை உரக்கப் படிப்பவர், முடிவுக்கு வந்தபின்னரே அது வியப்பு என்று அறிகிறார். ஒலிவாங்கியின் முன் அமர்ந்து எழுத்தைப் படிக்கும் எவரும் இவ்விடர்ப்பாட்டை அறிவர். ஸ்பானியர் இதற்கு ஒரு வழி கண்டனர். அவர்களுடைய அரச மொழிக்கழகத்தார் 1754ஆம் ஆண்டில் வெளியிட்ட எழுத்திலக்கண நூலில், வினாக்குறியைத் தலைகீழாக்கித் தொடரின் தொடக்கத்திலும் இடுமாறு விதித்தனர். வியப்புக்குறிக்கும் அவ்வழக்கு உரியதாயிற்று. அதனால் ஸ்பானிய மொழியைப் படிப்பவர், வாய் திறக்குமுன்னரே தம் குரலை ஆயத்தம் செய்துகொள்ளலாம்.

குறிகள் உதவுவன, ஐயமில்லை. ஆனால் குறியே வியப்பை உண்டாக்கிவிடும் என்று எண்ணுவது பிழை. அப்பிழையோடு வேறொரு பிழையையும் ஒருங்கே செய்தவன் நான்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆம் நாள் காலையில் எங்கள் கரைக்கு நேர்ந்ததை நேயர்கள் அறிவீர்கள். இலங்கையின் மாவட்டங்கள் யாவற்றினும் மிகுதியான உயிர்களை அம்பாறை மாவட்டமே அன்று இழந்தது. 10,000 பேருக்கும் மேலானவர் மாண்டனர். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோரத் தெருக்கள் மணலாயின. சில மாதங்கள் சென்றபின் பள்ளிக்கூடங்கள் வழக்கம்போல் நடக்கத் தொடங்கின. நான் அப்போது அக்கரையோரப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் தாம் விரும்பியதைப் பற்றிக் கட்டுரை எழுதலாம் என்றேன். ஒரு மாணவன் கடலைப் பற்றி எழுதினான். பதினொரு வயதுப் பிள்ளை. அரைப்பக்கமே எழுதியிருந்தான்.

அக்கட்டுரையின் நடுவிலே ஒரு வரி. 'உம்மாஆஆ கடல் வருகுது' என்பது அவ்வரி. குறியீடு ஒன்றும் இல்லை. நான் செங்கோலை, அதாவது சிவப்பு மையை, எடுத்தேன். 'உம்மாஆஆ' என்பதிலே இரண்டு ஆகாரம் மிகை; அடித்தேன். உம்மா என்பது பேச்சுவழக்கு; அதனையும் அடித்து, 'ஐயோ' என்று எழுதினேன். 'வருகுது' என்பதை 'வருகின்றது' என்று திருத்தினேன். இரண்டு வியப்புக்குறிகளை உரிய இடங்களில் நிறுத்தினேன். 'ஐயோ! கடல் வருகின்றது!' என்று வரி செம்மையாயிற்று. மறுநாள் அவனை எழுப்பி வகுப்பிலே படிக்கச் சொன்னேன். நன்றாகவே படித்து வந்தான். அவ்வரி வந்ததும் அதனை விட்டு அடுத்த வரிக்குத் தாவினான். "ஒரு வரி விட்டுவிட்டாய்" என்றேன். அவன் கொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்று, "அது நான் சொன்னது இல்லை, சேர்" என்றான்.

அவனுடைய தாயார் அன்று காலை கடலுக்கு அணித்தாயிருந்த வீட்டில் இருந்தார் என்பதும், பிள்ளை சற்றுத் தொலைவில் தெருமுனையில் நின்றான் என்பதும், அத்தாயார் மீளவில்லை என்பதும் பின்னர்தான் எனக்குத் தெரியவந்தன.

நேயர்களே, அபுல் அஸ்வத்தின் மகள் வியந்தாள். தந்தையார் அதனை வினா என்று கொண்டார். என் மாணவன் அழைத்தான்; நான் அதனை அச்சத்தில் எழுந்த வெற்றொலி என்று கொண்டேன். முள் தைத்தபோது சொல்லும் 'உம்மா' வேறு. அது விளியாத விளி. அவன் எழுதியது விளித்த விளி. அதற்கு ஒருவர் வரவேண்டியிருந்தது. 'ஐயோ' என்று மாற்றியபோது, அழைக்கப்பட்டவரையே வரியிலிருந்து அகற்றிவிட்டேன்.

பிழை இத்துடன் நிற்கவில்லை. அன்றிரவு தொல்காப்பியத்தின் விளிமரபைப் புரட்டினேன். இளமையிலே தேர்வுக்காக நெட்டுருப்பண்ணிய நூற்பா ஒன்று அங்கே இருந்தது. தொலைவில் உள்ளாரை விளிக்குங்கால் பெயர்கள் தம் அளவைக் கடந்து நீண்டு ஒலிக்கும் என்பது அதன் கருத்து. சேய்மை விளிக்கு அளபு மிகும். தெருமுனையில் நின்றவன் வீட்டில் இருந்தவரை அழைத்தபோது இரண்டு மாத்திரை போதாது. ஆகவே அவன் இரண்டு ஆகாரத்தைக் கூட்டி எழுதினான். காதில் இருந்த குரலை அவன் எழுத்திலே அளந்து வைத்தான். ஈராயிரம் ஆண்டு என்று நாம் பெருமை பேசும் இலக்கணம் அப்பிள்ளையின் பக்கத்திலே நின்றது. இலக்கணம் கற்பிக்க வந்த நான் அதனை எழுத்துப்பிழை என்று அடித்தேன்.

மறுநாள் அவன் கொப்பியை வாங்கி, என் மையின்மேல் வேறொரு தாளை ஒட்டினேன். "நீ எழுதியபடியே எழுது" என்றேன். அவன் எழுதினான். குறி இட வேண்டுமா என்று கேட்டான். உன் விருப்பம் என்றேன். அவன் இடவில்லை. அவ்வரிக்கு அது தேவைப்படவும் இல்லை.

இதன்பின் நான் ஒரு வழக்கத்தை மேற்கொண்டேன். ஆசிரியர்களும் பெற்றோரும் அதனைக் கேட்டு வைப்பது நன்று. பிள்ளை எழுதிய தொடரிலே வியப்போ அச்சமோ அழுகையோ இருப்பதாகத் தோன்றினால், திருத்துமுன் அதனை அப்பிள்ளையின் வாயாற் சொல்லக் கேட்பேன். குரல் ஏறினால் அது வினா. யாரை நோக்கிக் கேட்கிறான் என்று அறிந்துகொள்ளலாம். குரல் நீண்டு தன்னிலேயே அடங்கினால் அது வியப்பு. புதுமையா, பெருமையா, சிறுமையா, ஆக்கமா என்று காணலாம். குரல் நீண்டு தொலைவை நோக்கிச் சென்றால் அது விளி. அங்கே யாரோ இருக்கிறார், அல்லது இருந்தார். இதனை அறிந்தபின் சந்தியையும் எழுத்தையும் திருத்துவதிலே தடையில்லை. செந்தமிழ் கற்பிக்கத்தான் வேண்டும். கற்பிக்கும் செந்தமிழ், பிள்ளை சொல்ல வந்ததைச் சொல்ல அவனுக்கு உதவவேண்டும்.

எங்கள் ஊர்களின் அண்டையிலுள்ள காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகளார், 1926ஆம் ஆண்டில் வெளிவந்த மதங்க சூளாமணியிலே நாடகச் சுவைகளை வடமொழி நூலோடும் சேக்சுபியர் நாடகங்களோடும் வைத்து ஆராய்ந்தார். இக்கடற்கரையில் தோன்றிய ஒருவர், மாந்தர் உள்ளம் மெய்ப்படும் வகைகளை மூன்று மொழிகளில் தேடினார் என்பது நமக்குப் பெருமை. அத்தேடலைப் பேரறிஞர் மட்டுமே செய்யவேண்டும் என்பதில்லை. நாளை விடியலில் கரைவலை ஏறும்போது அங்கே சென்று நில்லுங்கள். "என்ன மீன்" என்னும் குரல் எழும். விடை சொல்லத் திரும்புமுன், கேட்டவர் முகத்தை ஒருமுறை பாருங்கள். அவர் கேட்டாரா, வியந்தாரா, அன்றி எவரையேனும் அழைத்தாரா என்பது அங்கே தெரியும்.